மாலை போட்டு நடந்த தாடிக்காரர் – வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல ஓட்டுரிமை பத்தின கட்டுரையோட ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ போட்டிருந்தோம்ல, 1965ல அமெரிக்காவுல மார்ட்டின் லூதர் கிங் முன்வரிசையில கை கோத்துக்கிட்டு நடந்து போறது. கட்டுரைய பாதிப் பேர் படிச்சாங்களான்னே தெரியல, எல்லாரும் போட்டோவைப் புடிச்சுக்கிட்டாங்க. வந்த கேள்விகள்ல முக்காவாசி அதைச் சுத்தியே இருக்கு. சரி, இந்த மாசம் அதையே பேசிடுவோம்.

கேள்வி: அந்த போட்டோல கிங்குக்குப் பக்கத்து ஆளுக்கு அடுத்தாப்ல வெள்ளைத் தாடியோட ஒரு தாத்தா நடக்குறாரே, அவர் யாரு? எல்லார் கழுத்துலயும் மாலை வேற கெடக்கு, அமெரிக்காவுல ஏது மாலை? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மாலைய முதல்ல பாத்தீங்க பாருங்க, அது நம்ம ஊர்க் கண்ணு. நானும் முதல் தடவ பாத்தப்ப ஏதோ கட்சி ஊர்வலம்னுதான் நெனச்சேன். அது ஹவாய்ல இருந்து ஒரு பாதிரியார் அனுப்பி வச்சது, அங்கயும் ஒருத்தருக்கு மரியாதை செய்யணும்னா பூமாலைதான்.

தாத்தான்னு சொல்லிட்டீங்க, அன்னிக்கு அவருக்கு 58 வயசுதான், தாடி அப்படிக் காட்டுது. பேரு ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல், யூத மதகுரு, அவங்க பாஷையில ராபி. 1907ல வார்சாவுல பொறந்தவரு, பரம்பரை பரம்பரையா மதகுருக்களா இருந்த குடும்பம், பெர்லின் போய் பைபிள் தீர்க்கதரிசிகள் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்குனாரு. 1938 அக்டோபர்ல ஜெர்மன்காரன் போலந்து யூதர்கள எல்லாம் நாட்ட விட்டுத் தொரத்துனப்ப இவரையும் தொரத்திட்டான், அடுத்த வருஷம் ஹிட்லர் படை போலந்துக்குள்ள வர்றதுக்குச் சில வாரம் முன்னாடி லண்டனுக்குத் தப்பிச்சு, 1940ல அமெரிக்கா போய்ச் சேந்தாரு. அம்மாவும் மூணு சகோதரிகளும் தப்பிக்கல, நாலு பேருமே நாஜிகளால செத்தாங்க.

இப்ப அந்த நடைக்கு வருவோம். அலபாமா மாநிலத்துல செல்மான்னு ஒரு ஊரு. அங்க ஓட்டுப் போடுற வயசுல இருந்த கறுப்பின மக்கள்ல நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் ஓட்டர் லிஸ்ட்ல பேரு இருந்துச்சு. சட்டப்படி எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆனா பேரு பதியுற ஆபீஸ் மாசத்துல ரெண்டு நாள்தான் தொறக்கும், வரிசைல நின்னு உள்ள போனா பரீட்சை வைப்பாங்க, அரசியல் சட்டத்துல ஒரு பத்திய வாசிச்சு அர்த்தம் சொல்லுன்னுவாங்க, பாஸா ஃபெயிலான்னு முடிவு பண்றது மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற வெள்ளைக்காரரு. ஓட்டுரிமை கேட்டு மார்ச் 7ஆம் தேதி நடக்கக் கெளம்புனவங்கள எட்மண்ட் பெட்டஸ் பாலத்துல வச்சு போலீஸ்காரங்க மண்டைய ஒடச்சாங்க. அப்புறம் கோர்ட் அனுமதி, ராணுவப் பாதுகாப்புன்னு எல்லாம் வாங்கிக்கிட்டு 21ஆம் தேதி திரும்ப நடந்தாங்க, மாண்ட்கோமரி வரைக்கும் 54 மைல். நீங்க பாத்த போட்டோ அப்ப எடுத்தது. அந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாச்சு.

ஹெஷல் வீட்டுக்குத் திரும்பி வந்து எழுதி வச்ச குறிப்புல, என் கால் ரெண்டும் ஜெபம் பண்ணுன மாதிரி இருந்துச்சுன்னு சொல்றாரு. பழனிக்கு நடந்து போனவங்களுக்கு இதுக்கு விளக்கம் தேவையில்ல.

கேள்வி: “நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது” – கிங் பேச்சுல வர்ற இந்த வசனம் எங்க பைபிள்ல ஆமோஸ் புஸ்தகத்துல இருக்கு. யூதர்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மதகுருன்னா ஜெபம் பண்ணிட்டு இருக்க வேண்டியதுதானே, தெருவுல என்ன வேலை? (நாகர்கோவில் வாசகி)

பதில்: ஆமோஸ் அவங்க ஆளும்மா! நீங்க பழைய ஏற்பாடுன்னு சொல்றதுதான் அவங்களோட வேதமே. உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதிலும் அதே ஆமோஸ் புஸ்தகத்துல இருக்கு, ஏழாவது அதிகாரம் எடுத்துப் பாருங்க. மந்தை மேய்க்கிற, காட்டத்திப் பழம் பொறுக்குற ஒரு மனுஷன் பெத்தேல் கோயில்ல வந்து நின்னு ஏழைய விக்கிறீங்க, தராசுல ஏமாத்துறீங்கன்னு கத்துறாரு, அங்க இருந்த ஆசாரியர் வந்து இது ராஜாவோட கோயில், இங்க பேசாத, வேற ஊர்ல போய்ப் பொழச்சுக்கோன்னு வெரட்டுறாரு. ஆக மதகுரு அரசியல் பேசலாமாங்கிற சண்டைக்கு எப்படியும் 2700 வருஷ வயசு.

இதுல நான் முக்கியமா நெனைக்கிறது ஒண்ணு. ஆமோஸ் மத்த நாடுகளத் திட்டித்தான் ஆரம்பிக்கிறாரு, டமாஸ்கு, காசா, தீருன்னு வரிசையா, கேக்குறவன் கை தட்டியிருப்பான். ஆனா அது முன்னுரை, சுத்திச் சுத்தி கடைசில சொந்த ஜனத்துக்கிட்ட வந்து நின்னு புஸ்தகம் முழுக்க அவங்களையே திட்டுறாரு. ஹெஷல் ஆராய்ச்சி பண்ணுனது இந்த ஆளுங்களத்தான். அதனால அவரு வாயும் அப்படியே. 1963 ஜூன்ல ஜனாதிபதி கென்னடி மதத் தலைவர்களக் கூப்பிட்டுப் பேச ஏற்பாடு பண்ணுனப்ப, முந்தின நாளே ஒரு தந்தி அடிச்சாரு. கறுப்பின மக்கள நாம அவமானப்படுத்திக்கிட்டே இருக்கிற வரைக்கும் கடவுளக் கும்புடுற உரிமை நமக்குக் கெடையாதுன்னு அதுல இருந்துச்சு. அதோட விடல, மதத் தலைவர்கள் எல்லாம் ஒரு மாசச் சம்பளத்த கறுப்பின மக்களோட வீட்டுக்கும் படிப்புக்கும் குடுக்கச் சொல்லுங்கன்னு கேட்டாரு. தீர்மானம் போடுங்கன்னு கேட்டா எல்லாரும் போட்டுடுவாங்க, சம்பளத்தக் கேட்டாருல்ல, அங்கதான் ஆளு தெரியுறாரு.

கேள்வி: ஜனநாயகம்ங்கிற வார்த்தையே அவங்க வேதத்துல இருக்காது. கடவுள் சொன்னது சட்டம், அவ்ளோதானே? அப்புறம் எப்படி யூத மதம் ஜனநாயகத்துக்குத் தொணைன்னு சொல்றாங்க? (மதுரை, சட்டக் கல்லூரி மாணவர்)

பதில்: வார்த்தை இல்லதான் தம்பி. ஆனா தல்மூத்துல, அதாவது பழைய ராபிகளோட சட்ட விவாதத் தொகுப்புல, ஒரு கதை இருக்கு, சட்டம் படிக்கிறவரு நீங்க, கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். பாபா மெட்சியாங்கிற பகுதில 59ஆவது ஏடு, ரெண்டாம் பக்கம்.

ஒரு அடுப்பு. துண்டு துண்டா வெட்டி, நடுவுல மணல் போட்டு அடுக்குனது. அது தீட்டுப்படுமா படாதான்னு ராபிகளுக்குள்ள வழக்கு. எலியேசர்னு ஒரு பெரியவரு, படிப்புல மலை, படாதுங்கிறாரு. மத்தவங்க எல்லாரும் படும்ங்கிறாங்க. அவரு எல்லா வாதமும் வச்சுப் பாத்தாரு, ஒருத்தரும் மசியல. நான் சொல்றது சரின்னா இந்த மரம் சொல்லட்டும்னாரு, மரம் பிடுங்கிக்கிட்டு நூறு முழம் தள்ளிப் போய் நின்னுச்சு. மரத்த வச்சு எல்லாம் சட்டம் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. வாய்க்கால் சொல்லட்டும்னாரு, தண்ணி பின்னாடி ஓடுச்சு. அதுவும் செல்லாதுன்னாங்க. பாடசாலைச் சுவரு சொல்லட்டும்னாரு, சுவரு சாய ஆரம்பிச்சுருச்சு, உடனே யோசுவாங்கிற ராபி சுவத்தப் பாத்து, படிச்சவங்க நாங்க சண்டை போட்டா உனக்கென்ன அதுலன்னு ஒரு அதட்டு. பாவம் சுவரு, இவரு மரியாதைக்கு விழாம, அவரு மரியாதைக்கு நிமிராம, அப்படியே பாதில நின்னுச்சாம். கடைசில வானத்துல இருந்தே குரல் வருது, எலியேசர் சொல்றதுதான் சரின்னு. யோசுவா எந்திரிச்சு நின்னு, சட்டம் வானத்துல இல்ல, எங்ககிட்ட குடுத்தாச்சு, பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுதான்னு சொல்லிட்டாரு. கடவுள் அதக் கேட்டுச் சிரிச்சு, என் பிள்ளைங்க என்ன ஜெயிச்சுட்டாங்கன்னு சொன்னதா கதை.

இவ்ளோதான் பொதுவா மேடைல சொல்வாங்க, கை தட்டும் விழும். ஆனா ஏட்டுல கதை முடியல, அடுத்த பாதிதான் எனக்குப் புடிச்சது. ஜெயிச்சவங்க சும்மா இருக்கல, எலியேசர் தீர்ப்புச் சொன்ன பொருளையெல்லாம் கொண்டாந்து நெருப்புல போட்டு எரிச்சு, அவரையும் ஒதுக்கி வச்சுட்டாங்க. அதச் சொல்ல அக்கிபான்னு ஒரு ராபி கறுப்புத் துணி போட்டுக்கிட்டு வந்து தள்ளி உக்காந்தாரு. என்னப்பா இன்னிக்கு இப்படின்னு எலியேசர் கேக்க, உங்க தோழங்க உங்கள விட்டு வெலகிட்டாங்க போலன்னு மெதுவா சொன்னாரு. அந்தப் பெரியவரு சட்டையக் கிழிச்சுக்கிட்டு தரைல உக்காந்து அழுதாரு, அந்தக் கண்ணீர்ல ஊர்ல வெளைச்சல்ல மூணுல ஒரு பங்கு கருகிப் போச்சாம். ஒதுக்கி வச்ச சபைக்குத் தலைவரு கமாலியேல், எலியேசரோட மச்சான்தான் அவரு, அவரும் அதனாலயே செத்தாருன்னு முடியுது. இத்தனைக்கும் இந்தக் கதை தல்மூத்துல எந்தத் தலைப்புல வருதுன்னா, வார்த்தையால அடுத்தவன நோகடிக்கிறது எவ்ளோ பெரிய பாவம்ங்கிற பேச்சுல. ஓட்டு எண்ணி ஜெயிக்கிறது சரி, தோத்தவன அசிங்கப்படுத்துனா அதுக்கு வேற கணக்கு. நம்ம டிவி விவாதத்த எல்லாம் பாக்குறப்ப எனக்கு அந்தச் சுவருதான் ஞாபகம் வரும்.

இன்னொண்ணு, அதே ஏட்டுலதான் அந்நியன ஒடுக்காதன்னு தோரா, அதாவது மோசேயோட அஞ்சு புஸ்தகம், 36 இடத்துல சொல்லுது, 46ன்னும் சொல்றவங்க உண்டுன்னு வருது. “எகிப்துதேசத்தில் அந்நியர்களாயிருந்த நீங்கள் அந்நியனுடைய இருதயத்தை அறிந்திருக்கிறீர்களே”ன்னு யாத்திராகமத்துல வர்றது அதுல ஒண்ணு. எகிப்துல இருந்து விடுதலையானத நெனச்சுக் கொண்டாடுற பஸ்கா அன்னிக்கு வருஷா வருஷம் வீட்டுல எல்லாரும் சாப்பாட்டு மேஜைல உக்காந்து, நாங்க அடிமையா இருந்தோம்னு குழந்தைகளுக்குச் சொல்றாங்க. எங்க பாட்டன் ராஜாவா இருந்தாருன்னு சொல்லிக் குடுக்கிற ஜனம்தான் உலகத்துல ஜாஸ்தி, அடிமையா இருந்தோம்னு பெருமையா சொல்லிக் குடுக்கிறது கொஞ்சம் அபூர்வம்.

கேள்வி: “திக்குன் ஓலம்”னு அடிக்கடி சொல்றாங்களே, என்னது? (ஈரோடு வாசகர்)

பதில்: உலகத்தச் சரி பண்றது. இப்ப சமூகசேவை எல்லாத்துக்கும் அந்தப் பேரு வச்சுடுறாங்க, ஆனா பழைய நூல்ல அது ரொம்பச் சாதாரண விஷயம். ஏழு வருஷத்துக்கு ஒருக்கா கடன் எல்லாம் தள்ளுபடின்னு தோராவுல சட்டம், ஏழைக்கு நல்லதுக்குத்தான். ஆனா ஏழாவது வருஷம் நெருங்க நெருங்க எவனும் ஏழைக்குக் கடனே குடுக்கல. ஹில்லேல்னு ஒரு ராபி பாத்தாரு, கடன கோர்ட் பேருக்கு மாத்தி எழுதுற ஒரு பத்திரம் கொண்டுவந்தாரு, தள்ளுபடி அதுக்குப் பொருந்தாது, திரும்பக் கடன் கெடைச்சுச்சு. இதுக்குத்தான் “உலகத்தச் சரி பண்றதுக்காக”ன்னு காரணம் போட்டிருக்கு. வட்டிக்கடை வாசல்ல நின்னு பாத்தவங்களுக்குப் புரியும் இது எவ்ளோ பெரிய வேலைன்னு.

கேள்வி: அமெரிக்க யூதர்கள் எல்லாருமே கறுப்பினத்தவங்க பக்கம் நின்னாங்களா? கொஞ்சம் மிகையா சொல்ற மாதிரி இருக்கே. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: எல்லாரும்னா இல்லவே இல்ல, சந்தேகப்பட்டது சரிதான். வடக்க நியூயார்க் சிகாகோவுல இருந்தவங்களுக்குப் பேசுறது சுலபம். தெக்க மிசிசிப்பி அலபாமாவுல யூதர்னா ஊருக்குப் பத்து இருபது குடும்பம், கடைத்தெருவுல ஜவுளிக்கடை, செருப்புக்கடை, வாங்குறவங்க ரெண்டு பக்கமும் உண்டு, வாயத் தொறந்தா வெள்ளைக்காரன் கடைக்கு வரமாட்டான், ராத்திரி குண்டு போடுவான். போட்டும் இருக்கான். அட்லாண்டாவுல ஜேக்கப் ராத்சைல்டுங்கிற ராபி நிறவெறிக்கு எதிரா பேசிக்கிட்டே இருந்தாரு, 1958 அக்டோபர் 12ஆம் தேதி விடியக்காலைல அவரோட ஜெபாலயத்துல டைனமைட் வெடிச்சுச்சு. மிசிசிப்பி ஜாக்சன்ல 1967ல முதல்ல ஜெபாலயம், ரெண்டே மாசத்துல ராபி பெர்ரி நுஸ்பாம் வீடு. அதனால பல பேரு, வடக்க இருந்து வர்ற ராபிங்க ஊர்வலம் போய்ட்டு பிளேன் ஏறிடுவாங்க, நாங்கதானய்யா இங்க குடும்பம் நடத்தணும்னு கடுப்புல இருந்தாங்க. ஒரு சிலர் நிறவெறிய ஆதரிச்ச வெள்ளையர் சங்கத்துலயே போய்ச் சேந்தாங்க, நாமளும் உங்க ஆளுதான்னு காட்டிக்க. அவங்களத் திட்ட எனக்கு மனசு வரல, பயம்னா என்னன்னு தெரியாதவன்தான் திட்டுவான். ஆனா அந்த மௌனத்துக்கு நியாயம் கற்பிக்கவும் முடியல.

மௌனம்னதும் ஒண்ணு சொல்லணும். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன்ல கிங் “எனக்கு ஒரு கனவு”ன்னு பேசுனாரே, அதே மேடைல அவருக்குச் சத்த முன்னாடி பேசுனது ஜோக்கிம் பிரின்ஸ்ங்கிற ராபி. ஹிட்லர் காலத்துல பெர்லின்ல ராபியா இருந்து 1937ல நாடு கடத்தப்பட்டவரு. அங்க நான் கத்துக்கிட்டது என்னன்னா, வெறுப்பும் மதவெறியும்கூட பெரிய பிரச்சின இல்ல, எல்லாத்தவிட கேவலமானது மௌனம்னாரு. இதச் சொல்றதுக்கு அவருக்கு இருந்த தகுதி அன்னிக்கு அந்த மேடைல வேற யாருக்கும் இல்ல. அப்புறம் கிங் பேசுனாரு, உலகம் இவர மறந்துருச்சு, அது வேற கதை.

அடுத்த வருஷம் ஜூன்ல ஃப்ளோரிடாவுல செயின்ட் அகஸ்டின்ங்கிற ஊர்ல கிங் தனியா மாட்டிக்கிட்டு ராபிகள் மாநாட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லித் தகவல் குடுத்தாரு. 16 ராபிங்களும் கூட ஒரு நிர்வாகியும் கெளம்பிப் போய், 18ஆம் தேதி கைதாகி உள்ள போனாங்க. அதே நாள் ஒரு மோட்டல் நீச்சல் குளத்துல கறுப்பு வெள்ளை ரெண்டு பேரும் சேந்து குதிச்சதுக்கு, மேனேஜர் ஆசிட்ட எடுத்துட்டு வந்து குளத்துல ஊத்துன போட்டோ உலகம் பூரா வந்துச்சு. ராபிங்க ஜெயில்ல, ராத்திரி மூணு மணிக்கு, செல்லுக்கு வெளிய வராந்தாவுல தொங்குன ஒத்த பல்பு வெளிச்சத்துல சேந்து உக்காந்து ஒரு கடிதம் எழுதுனாங்க, நாங்க ஏன் போனோம்னு. பேப்பர் இல்ல, கு கிளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை நிறவெறிக் கும்பல் அந்த ஊர்ல பண்ணுன அக்கிரமம் பத்தின ஒரு அறிக்கை கையில இருந்துச்சு, அதோட பின்பக்கத்துல எழுதுனாங்க. எங்க சகோதரன் ரத்தம் சிந்துறப்ப சும்மா நிக்க முடியலன்னு அதுல வருது, லேவியராகமத்து வசனத்துல இருந்து எடுத்தது. எனக்கு அந்தப் பேப்பரோட முன்பக்கமும் பின்பக்கமும்தான் மனசுல நிக்குது.

அதுக்கு மூணே நாள் கழிச்சு, ஜூன் 21, மிசிசிப்பில மூணு பசங்க காணாமப் போனாங்க. ஜேம்ஸ் சேனி, 21 வயசு, உள்ளூர் கறுப்பினப் பையன். ஆண்ட்ரூ குட்மேன் 20, மைக்கேல் ஷ்வெர்னர் 24, ரெண்டு பேரும் நியூயார்க் யூதப் பசங்க, ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேக்குற வேலைக்குப் போனவங்க. எரிஞ்சு போன ஒரு சர்ச்சப் பாக்கப் போனாங்க, துணை ஷெரிஃபே புடிச்சு உள்ள வச்சு ராத்திரி வெளிய விட்டு ஒரு கும்பல் கையில சிக்க வச்சாரு. 44 நாள் கழிச்சு ஒரு மண் அணைக்கு அடியில மூணு ஒடம்பும் கெடைச்சுது. தேடுறப்ப ஆறு கொளத்துல எல்லாம் வேற கறுப்பினத்தவங்க ஒடம்பும் வந்துச்சு, அதுக்கெல்லாம் இந்த அளவு தேடல் நடந்ததில்ல, பத்திரிகைலயும் பெருசா வரல. வெள்ளைக்காரப் பசங்க ரெண்டு பேர் இருந்ததாலதான் நாடே தேடுச்சுன்னு ஷ்வெர்னரோட மனைவியே அப்ப வெளிப்படையா சொன்னாங்க. மொதல்ல உண்மையச் சொன்னது அந்தம்மாதான்.

தென்னாப்பிரிக்காவுலயும் இதே கதைதான். 1963ல ரிவோனியாங்கிற எடத்துல மண்டேலா கூட்டாளிகள் மாட்டுனப்ப அங்க பிடிபட்ட வெள்ளையர்ல பெரும்பாலானவங்க யூதர்கள். அவங்களுக்கு எதிரா வாதாடுன அரசு வக்கீல் பெர்சி யூட்டர் யாரு? அவரும் யூதர்தான். பார்லிமென்ட்ல 13 வருஷம் கட்சில ஒத்த ஆளா நின்னு நிறவெறிச் சட்டத்த எதிர்த்து ஓட்டுப் போட்ட ஹெலன் சுஸ்மனும் யூதப் பெண். ஒரே ஜெபாலயத்துல ஒரே வசனத்தக் கேட்டுட்டு வந்தவங்க எதிரெதிரா நின்னாங்க. அதனால ரத்தத்துல இருக்கு, ஜீன்ல இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: தமிழர்களுக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? சும்மா கேக்குறேன். (சிங்கப்பூர் வாசகி)

பதில்: சும்மா கேட்டாலும் உண்டு. காந்தி தென்னாப்பிரிக்காவுல போராடுனப்ப கூட நின்ன வெள்ளைக்காரங்கள்ல முக்கியமான மூணு பேரு யூதர்கள்: ஹெர்மன் காலன்பாக், ஹென்றி போலக், சோன்யா ஷ்லெசின். ஜெயிலுக்குப் போன சத்தியாகிரகிகளோட குடும்பங்க தங்குறதுக்கு 1910ல 1100 ஏக்கர் பண்ணைய காலன்பாக் குடுத்தாரு, டால்ஸ்டாய் பண்ணைன்னு பேரு, அங்க தங்குனவங்கள்ல தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 1913ல மூணு பவுண்டு வரிய எதிர்த்து நடந்தாங்களே ஒப்பந்தக் கூலிங்க, அதுல நெறைய பேரு நம்ம பக்கத்துல இருந்து போனவங்க, அந்த நடைக்காக காந்தியோட சேந்து காலன்பாக்கும் போலக்கும் ஜெயிலுக்குப் போனாங்க. போலக் அதுக்கு முன்னாடியே 1909ல மெட்ராஸ் வந்து, பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் தொணையோட கூட்டம் போட்டு, அந்தக் கூலிங்க படுற பாட்டப் புஸ்தகமாவும் போட்டுட்டுப் போனாரு. தில்லையாடி வள்ளியம்மை பேரு தெரிஞ்ச நமக்கு இந்த மூணு பேரும் தெரியாமப் போனது கொஞ்சம் வருத்தம்தான்.

கேள்வி: இவ்ளோ பேசுறீங்க, காசாவுல நடக்குறதுக்கு என்ன சொல்றீங்க? அந்நியன ஒடுக்காதன்னு 36 தடவ இருக்குன்னா அது அங்க யாருக்கும் கேக்கலையா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இந்தக் கேள்வி வராம இருந்திருந்தாதான் ஆச்சரியம். நழுவாம சொல்றேன். 2023 அக்டோபர் 7ல ஹமாஸ் பண்ணுனது படுகொலை. அதுக்கப்புறம் காசாவுல குழந்தைங்க செத்தத எந்த வசனத்த வச்சும் என்னால நியாயப்படுத்த முடியாது. அந்த 36 வசனம் கேட்ட யூதர்களும் உண்டு, அதே அக்டோபர் 18ஆம் தேதி வாஷிங்டன்ல பார்லிமென்ட் ஆபீஸ் கட்டடத்துக்குள்ள உக்காந்து போர நிறுத்துன்னு கத்தி முன்னூறு பேர் வரைக்கும் கைதானாங்க, அதுல ராபிங்களும் இருந்தாங்க. சொந்த வீட்டுலயே அவங்களத் துரோகின்னவங்க நெறைய.

இஸ்ரேல்குள்ளயும் பாருங்க. 2023 ஜனவரில நெதன்யாகு அரசாங்கம் சுப்ரீம் கோர்ட் அதிகாரத்தக் கொறைக்கப் போறோம்னு சொன்னதும், சனிக்கிழமை ராத்திரி ஓய்வுநாள் முடிஞ்ச கையோட டெல் அவிவ் கப்லான் ரோட்டுல வாராவாரம் பெரிய பெரிய கூட்டம், மாசக்கணக்கா. ஜூலை 24ல எதிர்க்கட்சி வெளிநடப்பு பண்ணிட்டுப் போக 64க்கு 0ன்னு அதுல ஒரு சட்டத்த நிறைவேத்துனாங்க, 2024 ஜனவரி 1ஆம் தேதி கோர்ட் 8க்கு 7ன்னு அதச் செல்லாதுன்னுருச்சு. பெருமைப்படலாம். ஆனா அந்தக் கூட்டத்துலயே ஒரு ஓரமா ஒரு சின்னக் கும்பல், பாலஸ்தீனியர் மேல ஆக்கிரமிப்ப வச்சுக்கிட்டு எப்படிய்யா ஜனநாயகம்னு போர்டு புடிச்சு நின்னாங்க, மத்தவங்களுக்கு அது சங்கடம். 1988ல இருந்து மனித உரிமைக்கான ராபிகள்னு ஒரு அமைப்பு இருக்கு, ஒவ்வொரு வருஷமும் ஆலிவ் அறுவடை சமயத்துல பாலஸ்தீன விவசாயிகளோட தோட்டத்துக்குப் போய் கூட நின்னு காய் பறிக்கிறாங்க, அங்க குடியேறுன இஸ்ரேலியர்கள் அடிக்க வந்தா இவங்களும் சேந்து அடி வாங்குறாங்க. எண்ணிக்கைல கம்மிதான். ஆமோஸும் ஒத்த ஆளாத்தான் போனாரு.

கேள்வி: இன்னிக்கு அமெரிக்காவுல ஜெபாலயத்துல எல்லாம் தேர்தல் வேலை பாக்குறாங்களாமே, கட்சிக்கு ஓட்டுக் கேக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வரிவிலக்கு வாங்குற மத அமைப்பு வேட்பாளருக்கு ஆதரவு கேக்கக் கூடாதுன்னு 1954ல இருந்து சட்டம். அதனால ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேக்குறது, வயசானவங்கள பூத்துக்குக் கூட்டிட்டுப் போறது, தபால் ஓட்டு ஃபாரம் எப்படி நெரப்புறதுன்னு சொல்லிக் குடுக்கிறது, இது மாதிரி வேலைதான். அலுப்பான வேலை, போட்டோல வராது. ஆனா 2013ல சுப்ரீம் கோர்ட் அந்த 1965 ஓட்டுரிமைச் சட்டத்தோட முக்கியமான பல்லப் புடுங்கிருச்சு. எந்தெந்த மாநிலம் தேர்தல் விதிய மாத்துறதுக்கு முன்னாடி மத்திய அரசுகிட்ட அனுமதி வாங்கணும்னு பட்டியல் இருந்துச்சு, அது பழசு, செல்லாதுன்னுட்டாங்க. அப்ப மாற்றுத் தீர்ப்பு எழுதுன யூத நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், மழைல நனையலையேன்னு குடையத் தூக்கிப் போடுற மாதிரி இருக்குன்னாங்க. அந்தம்மா ஆபீஸ் சுவத்துல உபாகமத்து வசனம் எபிரேயத்துல மாட்டியிருந்துச்சு. தமிழ் பைபிள்ல “நீதியையே பின்பற்றுவாயாக”ன்னு இருக்கும், எபிரேயத்துல நீதி நீதின்னு ரெண்டு தடவ வரும். மதுரைத் தம்பிக்கு ஒரு தகவல்: தோத்த கருத்த ஏன் எழுதி வைக்கணும்னு, தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாங்கிற சட்டத் தொகுப்புலயே கேள்வி இருக்கு, பின்னாடி வர்ற ஒரு கோர்ட் அதப் புடிச்சுக்கிட்டு மாத்தலாமேன்னு பதிலும் இருக்கு.

கேள்வி: கொச்சிக்குப் போறோம் அடுத்த மாசம். அங்க யூதர் கோயில் இருக்காமே, பாக்க வேண்டியதா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: கண்டிப்பா பாருங்க. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயம், 1568ல கட்டுனது, தரை பூரா சீனாவுல இருந்து வந்த நீலப் பூ டைல்ஸ், ஒண்ண மாதிரி இன்னொண்ணு இருக்காதுன்னு சொல்வாங்க. ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி வாசல் படியக் கொஞ்சம் பாருங்க. அடிமையா இருந்து விடுதலையானவங்களோட வாரிசுங்கன்னு சொல்லி ஒரு பிரிவு யூதர்கள அங்க உள்ள உக்கார விடல, முன்னறையோட நிறுத்திட்டாங்க. எகிப்துல அடிமையா இருந்தோம்னு வருஷா வருஷம் சொல்றவங்கதான்! அந்தப் பிரிவுல பொறந்து, மெட்ராஸ்ல சட்டம் படிச்சு, கொச்சி யூதர்கள்லயே முதல் வக்கீலா ஆன ஏ. பி. சேலம், காந்தி வழில இதுக்குச் சத்தியாகிரகம் பண்ணுனாரு, படிய வந்து மறிச்சு உக்காந்தாரு, கொஞ்சம் கொஞ்சமா தடை தளந்துச்சு. வைக்கம் போராட்டமும் அந்தக் காலகட்டம்தான். யூத காந்தின்னு அவரச் சொல்வாங்க, கொச்சி சட்டசபைலயும் இருந்தாரு. 1950ல அவரு மகன் கல்யாணம் எதிர்ப்பக்கத்துப் பொண்ணோட, அதுவும் பம்பாய்ல போய்த்தான் நடந்துச்சு, அப்பவும் ஊர்ல முணுமுணுப்பு இருந்துச்சு.

வெள்ளி, சனி பூட்டியிருக்கும், அவங்க பண்டிகை நாளும் அப்படித்தான், அதப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க. செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள விடுவாங்க.